பத்து கேள்விக்குறி, ஓர் இடைவெளி, ஏழு கேள்விக்குறி

"மேடம், உங்க பொண்ணு ரெகார்டுல கேள்விக்குறியா போட்டுக்குது. இன்னா அது?"

போனில் வந்த குரல் எனக்குத் தெரியாத குரல். பின்னால் ஏதோ தள்ளுவண்டி உருளும் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை.

"யார் பேசறீங்க?"

"ஸ்டெல்லா, மேடம். கேஷுவாலிட்டி நர்சு. உங்க பொண்ணு நந்தினி இங்கதான் இருக்கு. பயப்படாதீங்க. கால்ல காயம், ஜுரம் ஜாஸ்தி. டாக்டர் ஊசி எழுதிட்டாரு. கூட வந்த பொண்ணு உங்க நம்பர் குடுத்துச்சு. மூணு தபா அடிச்சேன், நீங்க எடுக்கல."

ஆபீஸ் கேன்டீனில் அப்போதுதான் சாப்பாட்டைத் திறந்திருந்தேன். கையில் இருந்த டப்பர்வேர் மூடியை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"கேள்விக்குறின்னா?"

"ரிமார்க்ஸ்ல மேடம். பத்து கேள்விக்குறி, ஒரு கேப், அப்பறம் ஏழு. எண்ணிட்டுதான் சொல்றேன். வேற எழுத்து ஒண்ணும் இல்ல."

வெட்கத்தோடு எழுதுகிறேன். அந்தக் கணத்தில் எனக்கு முதலில் புரிந்தது ஒரு தாயாக அல்ல, டேட்டாபேஸ் பார்க்கிறவளாக. அந்த இடத்தில் கன்னடத்தில் ஏதோ எழுதியிருந்தது, அது அழிந்துவிட்டது என்று தெரிந்தது. எப்படி அழிந்தது, யார் கையால் அழிந்தது என்றும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் என்ன எழுதியிருந்தது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

"பெனிசிலின்!" என்று கத்தினேன். கேன்டீனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பெனிசிலின் குடுக்காதீங்க சிஸ்டர்! அந்த வகை எதுவுமே வேண்டாம்! அவளுக்கு ஆகாது!"

போனை எங்கோ வைத்துவிட்டு அவர் ஓடும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

சிரிப்பாக எழுதி வந்தவள்

இந்தத் தொடரில் இதுவரை என் அலுவலகக் கதைகளைக் கொஞ்சம் சிரிப்பாகவே சொல்லி வந்திருக்கிறேன். மல்லேஸ்வரத்திலிருந்து தினம் இரண்டு பஸ் மாறிப் போன காலம், அரசாங்க வேலையில் இருந்த என் அப்பா வீட்டில் தமிழும் ஆபீசில் கன்னடமும் பேசிப் பேசிக் கனவில் எந்த மொழி என்று குழம்பியது, இதெல்லாம் எழுதுவது சுலபம். இன்று எழுதும் இதை மட்டும் மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன்.

நடந்து சில மாதங்கள் ஆகின்றன. இன்னமும் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறது. பிரேசர் டவுன் பக்கம் உள்ள அந்த ஆஸ்பத்திரி எங்கள் பழைய வாடிக்கையாளர். நந்தினி பிறந்ததும் அங்கேதான். அவளுக்கு நான்கு வயதானபோது தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்து ஊசி போட்டதும் அங்கேதான். போட்ட பத்தாவது நிமிடம் அவள் உதடு கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியது. கண் இரண்டும் மூடிக்கொள்ளும் அளவுக்கு முகம் வீங்கியது. என் மடியிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்ற நேரம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிழைத்துவிட்டாள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு நர்சம்மா கம்ப்யூட்டரில் கன்னடத்தில் தட்டி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'பெனிசிலின் கொடபேடி.' பெனிசிலின் கொடுக்க வேண்டாம்.

"நோடி, பரெதித்தீனி," என்றார். பாருங்க, எழுதிட்டேன்.

எவ்வளவு பெரிய நிம்மதி அது. எழுதியாகிவிட்டது. இனி நான் மறந்தாலும் அது மறக்காது.

நாகவாரா சிக்னலில்

ஹெப்பாள் பக்கம் இருக்கும் ஆபீசிலிருந்து பிரேசர் டவுன் தூரமில்லை என்பார்கள். அன்று நாகவாரா சிக்னலில் ஆட்டோ நின்றது நின்றபடி நின்றது. ஆஸ்பத்திரி போனை யாரும் எடுக்கவில்லை. நந்தினியின் போன் அணைந்து கிடந்தது. கூட வந்த பெண் அவள் காலேஜ் தோழி ஆயிஷாவாகத்தான் இருக்கும், ஆயிஷாவின் நம்பர் என்னிடம் இல்லை. எத்தனையோ முறை வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட்டுப் போன பெண், அவள் நம்பரை நான் வாங்கி வைத்துக்கொள்ளவே இல்லை.

அந்த நேரத்தில் மனம் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும். சிலர் சுலோகம் சொல்வார்கள். நான் அந்தப் பதினேழு கேள்விக்குறிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். எந்தெந்த எழுத்துக்கு எண் உண்டு என்ற பட்டியலைத்தான் நாங்கள் கேரக்டர் செட் என்கிறோம். டேட்டாபேஸில் பெயருக்கு, முகவரிக்கு, குறிப்புக்கு என்று கட்டங்கள் கட்டும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பட்டியலைச் சொல்ல வேண்டும். உலக மொழிகள் அனைத்தையும் கொண்ட பெரிய பட்டியல் உண்டு. ஆங்கிலமும் ஐரோப்பிய எழுத்துகள் சிலவும் மட்டும் உள்ள பழைய சின்னப் பட்டியலும் உண்டு. நாம் எதுவும் சொல்லாமல் விட்டால் சில டேட்டாபேஸ்கள் சின்னப் பட்டியலையே எடுத்துக்கொள்ளும்.

சின்னப் பட்டியல் உள்ள கட்டத்துக்குள் கன்னடத்தையோ தமிழையோ போட்டால் என்ன ஆகும்? கண்டிப்பாக அமைத்திருந்தால் ஏற்கமாட்டேன் என்று நின்றுவிடும். தளர்வாக அமைத்திருந்தால், தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதி வைத்துவிட்டு, வார்னிங் என்று ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, மேலே போய்விடும்.

திரையில் எழுத்து கோணல்மாணலாக, ஏதோ ஐரோப்பியக் கிறுக்கல் போலத் தெரிந்தால் எங்களுக்குக் கவலையில்லை. உள்ளே அசல் இருக்கிறது, காட்டும் விதம்தான் தப்பு. திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். உள்ளேயே கேள்விக்குறி பதிந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அசல் எங்கேயும் இல்லை.

கன்னடத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் எண், அதன் மேல் ஏறும் கொம்புக்கும் சுழிக்கும் தனி எண். ஆட்டோவில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். பெனிசிலின், பத்து. இடைவெளி. கொடபேடி, ஏழு. சரியாக வந்தது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "ஏனாயித்து அம்மா?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்டவரிடம் சீக்கிரம் போங்க என்று மட்டும் சொன்னேன்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து

நந்தினி ஒன்பதாவது படித்தபோது அந்த ஆஸ்பத்திரியின் பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டு எங்கள் புதியதை வைத்தோம். பழையதை எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் எல்லாக் கட்டத்திலும் கன்னடம் அடிக்க வழி செய்திருந்தார். அதிலிருந்த நோயாளிகளின் பதிவுகளை எல்லாம் புதியதற்கு மாற்றும் வேலை என் தலைமையில் நடந்தது.

அந்த மாதம் முழுக்க நாங்கள் சண்டை போட்டது ஒரே விஷயத்துக்கு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து.

ரிசப்ஷனில் பெயர்களை ஆங்கிலத்தில், முழுக்கப் பெரிய எழுத்தில் அடிப்பார்கள். டாக்டர்களின் உதவியாளர்கள் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக அடிப்பார்கள். டேட்டாபேஸ் இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டுமா, வேறாகவா? வேறு என்றால் பெரிய எழுத்து ரமேஷைத் தேடினால் சின்ன எழுத்து ரமேஷ் கிடைக்கமாட்டார். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு உண்டாகும். ஒன்று என்றால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சிக்கல். அங்கே முதல் குப்பிக்குப் பெரிய ஏ, திரும்ப எடுத்த குப்பிக்குச் சின்ன ஏ என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் பழைய ரத்தமும் புது ரத்தமும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும்.

"மேடம், அந்த லேப்காரங்க வழக்கத்தை மாத்தச் சொல்லுங்க," என்றார் ஹரீஷ். என் டீமின் மேனேஜர், ஹாசன் பக்கத்துக்காரர், எங்களோடு பழகித் தமிழும் பேசுவார்.

"இருபது வருஷப் பழக்கம் ஹரீஷ். நீங்க போய்ச் சொல்லுங்க பாப்போம்."

"பேடாப்பா, வேண்டாம். ஊசியை எடுத்துக் குத்திடுவாங்க."

கடைசியில் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். பெயருக்கு எழுத்தின் அளவு பார்க்காத ஒப்பீடு, குப்பி எண்ணுக்கு அளவு பார்க்கும் ஒப்பீடு. நூறு விதமாகச் சோதித்தோம். ஒரு பதிவுகூடப் பிசகவில்லை. ஹரீஷ் மைசூர்பாக் வாங்கி வந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. நம் எழுத்துகளில் பெரிசு சின்னது கிடையாது. தமிழிலும் இல்லை, கன்னடத்திலும் இல்லை. அதனால் அந்தக் கூட்டங்களில் அவற்றைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. சண்டைக்கு வராத எழுத்தை யாரும் கவனிக்கவில்லை.

சோதனைக்கு நான் போட்ட பெயர்கள் எல்லாம் 'டெஸ்ட் பேஷன்ட் ஒன்', 'டெஸ்ட் பேஷன்ட் டூ'. பெரிய எழுத்தில் ஒருமுறை, சின்ன எழுத்தில் ஒருமுறை, கலந்து ஒருமுறை. எல்லாம் ஆங்கிலம். வீட்டில் தமிழ் பேசி, காய்கறிக்காரரிடம் கன்னடம் பேசுகிறவள், ஒரே ஓர் 'அ' போட்டுப் பார்க்கவில்லை. ஆபீசில் கை தானாக ஆங்கிலத்துக்குப் போய்விடும். நாங்கள் வாட்ஸப்பில் தமிழ் எழுதுவதே ஆங்கில எழுத்தில்தானே.

பெயர், முகவரி எல்லாவற்றுக்கும் பெரிய பட்டியலைக் கொடுத்திருந்தேன். ரிமார்க்ஸ் கட்டம் கடைசியில் சேர்த்தது. அதற்கு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மாற்றும் நாளில் திரையில் வார்னிங்குகள் மழைபோல ஓடின. எங்கள் தொழிலில் எல்லாரும் வார்னிங்கைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போனவர்கள். வேலை முடிந்ததா என்று பார்க்க ஒரே வழி வைத்திருந்தோம். பழையதில் எத்தனை வரி, புதியதில் எத்தனை வரி. இரண்டும் சமம். கையெழுத்துப் போட்டேன். வரிகள் அத்தனையும் வந்து சேர்ந்திருந்தன. வரிக்குள் என்ன வந்தது என்று திறந்து பார்க்கவில்லை.

பழைய சர்வரை மூன்று மாதம் வைத்திருந்து பிறகு அழித்தோம். அந்தத் தாளிலும் என் கையெழுத்துதான்.

கேஷுவாலிட்டி

நான் போய்ச் சேர்ந்தபோது ஆயிஷா வாசலிலேயே நின்றாள். துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிச் சுற்றிக் கயிறாக்கியிருந்தாள்.

"ஆன்ட்டி, ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல," என்று தூரத்திலிருந்தே சொன்னாள். "வேற ஊசி போட்டாங்க. தூங்கறா."

காலேஜ் அருகே கட்டட வேலை நடக்கும் இடத்தில் நான்கு நாள் முன்னால் நந்தினியின் காலைக் கம்பி கிழித்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன ஆர்ப்பாட்டம் பண்ணுவேன் என்று அவளுக்குத் தெரியும். காயம் சீழ் பிடித்து, காய்ச்சலில் வகுப்பிலேயே சரிந்திருக்கிறாள். எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்று டாக்டர் கேட்டதற்கு, அரைக்கண்ணைத் திறந்து "இல்ல" என்று சொல்லியிருக்கிறாள்.

ஏனென்றால் அவளுக்குத் தெரியாது. நான்கு வயதில் நடந்ததை அவளிடம் நான் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. சொன்னால் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். நான்தான் எப்போதும் கூட இருப்பேனே என்றும் நினைத்தேன். பத்தொன்பது வயதுப் பெண்ணோடு எப்போதும் கூட இருக்கும் தாய் எங்கே இருக்கிறாள்?

ஸ்டெல்லா சிஸ்டர் நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். நெற்றியில் வியர்வை, கண்ணாடி மூக்கின் நுனியில் நின்றது.

"ஒத்துக்குதான்னு டெஸ்ட் டோஸு போட்டுப் பாக்க மருந்து எடுத்தாச்சு மேடம். கடைசியா ஒரு தபா ரெகார்டு பாத்தேன்."

"கேள்விக்குறிதானே இருந்தது. எப்படி நிறுத்தணும்னு தோணிச்சு?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நான் நீலசந்திராவுல பொறந்து வளந்த பொண்ணு மேடம். எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் அவ்ளோ தெரியாது. ஆனா வேலை தெரியும். ஒரு நர்சு உக்காந்து பதினேழு கேள்விக்குறி அடிக்கமாட்டா. எங்களுக்கு ஏது அவ்ளோ டைம்? யாரோ என்னவோ எழுதிக்கிறாங்க, அது போயிருச்சு. என்னமோ எழுதணும்னு தோணினா அது சாதாரணமா இருக்காது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சானிடைசர் வாசனை. "அது போனதுக்கு நான்தான் காரணம் சிஸ்டர்," என்றேன். நான் பதற்றத்தில் உளறுவதாக நினைத்து, "தண்ணி குடிங்க முதல்ல," என்றார்.

சாயங்காலம் நந்தினி கண் விழித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழு கேள்விக்குறியா? என் இன்டர்னல் எக்ஸாம் பேப்பர் மாதிரியே இருக்கு."

நான் சிரிக்கவில்லை. அவளும் உடனே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எனக்குச் சொல்லாம கம்ப்யூட்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கம்மா நீ."

ஆயிஷா மெதுவாக எழுந்து வெளியே போனாள். அந்தப் பெண்ணுக்கு எப்போதும் நாசூக்கு உண்டு.

மெயில்

மறுநாள் ஆபீசுக்குப் போய், ரிமார்க்ஸ் கட்டத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும் பதிவுகள் எத்தனை என்று கேட்டேன். டேட்டாபேஸ் ஒரு நொடியில் பதில் சொன்னது. அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கட்டிலும் கட்டிலோரத்தில் ஒருத்தியும் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஹரீஷ் என் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு சின்னப் பெண் உண்டு.

"கட்டத்தை இன்னைக்கே சரி பண்ணிடலாம்."

"புதுசா எழுதறது நிக்கும். போனது போனதுதான்."

"அப்படின்னா, மேடம், மெயில்ல நம்ம தப்புன்னு எழுதாதீங்க. பழைய டேட்டா சரியில்லன்னு எழுதுங்க. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"பழைய டேட்டா சரியா இருந்துச்சு ஹரீஷ். நான் கண்ணால பாத்தேன். என் பக்கமா திருப்பிக் காட்டினாங்க."

"உங்க வேலையை யோசிச்சுச் சொல்றேன்."

"நேத்து என் பொண்ணுக்கு ஊசியை எடுத்தாச்சு."

ஆஸ்பத்திரிக்கும் எங்கள் மேலிடத்துக்கும் மெயிலை நான் எழுதினேன். எந்தக் கட்டம், எப்படி நடந்தது, யார் கையெழுத்து என்பதை எழுதி, அந்தக் குறிப்புகளை ஆட்களிடமே திரும்பக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். வீரம் ஒன்றும் இல்லை அதில்.

இப்போது வேறு பிரிவில் இருக்கிறேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மருந்து மட்டும் இல்லை

ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டது. சனிக்கிழமைகளில் நானும் போய் அமர்ந்தேன். ஸ்டெல்லா சிஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் போன் செய்ய, நானும் ஒரு போனை எடுத்துக்கொண்டேன். 'ரெகார்டு அப்டேட்' என்று மட்டும் சொல்லும்படி மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள்.

முதல் அழைப்பிலேயே ஒரு பெரியவர், "அடுத்தது ஓடிபி கேப்பீங்க, அதானே? வெச்சிடும்மா போனை," என்று கத்தினார். சிஸ்டர் போனை வாங்கி, "பெரிப்பா, உங்க ஓடிபி யாருக்கு வேணும்? உங்க பேரனுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு சொல்லு," என்றதும் அடங்கினார். சல்ஃபா மருந்தாம்.

நான் மருந்துப் பெயர்களை மட்டுமே எதிர்பார்த்திருந்தேன். அந்தக் கட்டத்தில் எத்தனை விதமான பேச்சு இருந்தது என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. இந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது, தோளைத் தொட்டுக் கூப்பிடவும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இடது கையில் நரம்பு கிடைக்காது, வலதில் பார்க்கவும். முதல் குழந்தை இறந்தது பற்றிக் கேட்க வேண்டாம். யாரோ ஒரு நர்சு, அவசரத்துக்கு நடுவில், அடுத்து வரப்போகும் தெரியாத நர்சுக்கு எழுதி வைத்தவை.

சில நம்பர்கள் உபயோகத்தில் இல்லை. சிலர் வீடு மாறியிருந்தார்கள். நீலசந்திரா முகவரி கொண்ட ஒரு நம்பருக்கு எத்தனை முறை அடித்தும் கிடைக்கவில்லை. கேள்விக்குறிகள் இரண்டு வரிக்கு நீண்டிருந்த பதிவு அது. பெயர் திவ்யா. இப்போது பதினோரு வயது இருக்கும்.

"நம்ம ஏரியாதான். வரீங்களா அக்கா?" என்றார் சிஸ்டர். மேடம் என்பது எப்போது அக்காவானது என்று நான் கவனிக்கவில்லை.

நீலசந்திராவில்

ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி வெயில். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. கறி வேகும் வாசனை. மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்த பெண்ணின் பெயர் கௌரி. ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, அன்று ஒருநாள்தான் லீவு. துவைத்த துணியைக் கையில் பிழிந்தபடியே நின்றார்.

சிஸ்டரை அவருக்கு அடையாளம் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டு, கட்டிலில் இருந்த துணிகளை ஒதுக்கி எங்களை உட்கார வைத்தார். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். மேலிடம் சொல்லித் தந்த வாக்கியம் வாயில் வரவில்லை.

"உங்க பொண்ணுக்கு ரெண்டு வயசுல ஆஸ்பத்திரியில சேத்தப்ப கம்ப்யூட்டர்ல ஒரு குறிப்பு எழுதி வெச்சிருந்தாங்க. அது அழிஞ்சுபோச்சு. நான்தான் அழிச்சேன். வேணும்னு இல்ல. ஆனா நான்தான். அதுல என்ன இருந்ததுன்னு உங்ககிட்ட கேட்டு எழுத வந்திருக்கேன்."

கௌரி என் முகத்தையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"ஏதாவது மருந்து ஒத்துக்காம போச்சா?"

"ஆமாங்க. பிட்ஸு வந்துச்சு. பொழைக்கமாட்டான்னுட்டாங்க. அப்பறம் டாக்டரம்மா வந்து, இந்த மருந்தாலதான், இனிமே இதைக் குடுக்கவே கூடாதுன்னாங்க. பேரு சொன்னாங்க, என் வாயில நொழையல. எனக்குப் படிக்கவும் வராது. சீட்டுல எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். சிஸ்டரு சொன்னாங்க, சீட்டு தொலைஞ்சுபோயிரும், கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம், எப்ப வந்தாலும் இருக்கும்னு."

"மருந்து எப்படி இருந்துச்சுன்னு..."

"தண்ணி மாதிரி. மஞ்சளா, சிவப்பா, என்னமோ. ஒன்பது வருஷம் ஆச்சுங்க." கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கியது. "அதான் அங்க இருக்குதேன்னு இருந்துட்டேன். வேற எந்த ஆஸ்பத்திரிக்கும் நான் இட்டுக்கினு போனதே இல்ல. ஒரு சளிக்குக்கூட அங்கதான்."

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று எழுதிய நர்சு வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த டாக்டரம்மா வெளிநாட்டில். வார்டில் வைத்திருந்த காகிதங்களை ஆஸ்பத்திரி எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டது. எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று.

கொண்டுபோன லேப்டாப்பைத் திறந்தேன். சிவப்பு நிறத்தில் மேலே தெரியும்படி ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்திருந்தோம். 'இரண்டு வயதில் ஒரு மருந்தால் வலிப்பு வந்தது. எந்த மருந்து என்று தெரியாது. ஒவ்வாமைச் சோதனை செய்யாமல் எதையும் கொடுக்க வேண்டாம்' என்று கன்னடத்தில் எழுதினேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். சேமித்து, மூடி, மறுபடி திறந்தேன். மூன்று மொழியும் நின்றன. அடுத்த வாரமே சோதனைக்கு வரச்சொல்லி சிஸ்டர் நாளும் குறித்தார். எல்லா மருந்துக்கும் சோதனை கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கௌரி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, தனக்குப் படிக்க வராத அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தார்.

"ஏத்திட்டீங்களா?"

"ஏத்திட்டேன்."

"அப்ப இனிமே பயமில்லல்ல?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவர் நின்றிருந்தார்.

"இருக்குங்க," என்றேன். "பயம் இருக்கு. திவ்யா வந்ததும் அவகிட்ட சொல்லிடுங்க. அவளுக்குத் தெரியணும்."

கௌரி, டியூஷன் விட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு துணியை அப்படியே பக்கெட்டில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் சந்தில் இறங்கி டியூஷன் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.